பொய் ரோஜா

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான் நோலண்ட் மெக்கன்ஸி என்றொரு மூக்குத் தொண்டை வைத்தியர் இருந்தார். தம்மிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணை ஏமாற்றிய கதையை அவரே 1886-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அந்தப் பெண்ணுக்கு ரோஜா ஆகாது. பக்கத்தில் போனாலே தும்மல், கண்ணில் நீர், மூக்கடைப்பு, பிறகு இழுப்பு. மெக்கன்ஸி அசல் என்றே நம்பும்படி நேர்த்தியாகச் செய்யப்பட்ட ஒரு பொய் ரோஜாவைச் சம்பாதித்து வைத்திருந்தார். பேச்சுவாக்கில் அதைக் கையில் எடுத்து அவள் முன் பிடித்துக்கொண்டிருந்தார். சில நிமிஷங்களில் அவள் தும்ம ஆரம்பித்துவிட்டாள். அவர் மூக்கினுள் பார்த்தார். உட்சவ்வு சிவந்து, வீங்கி, துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

பூ பொய் என்று சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. சில நாள் கழித்து வந்தவள் நிஜ ரோஜாவில் மூக்கைப் புதைத்து முகர்ந்தாள், ஒன்றும் ஆகவில்லை. மருத்துவ நூல்களில் நூறு வருஷங்களுக்கு மேலாக இந்தக் கதை ஓர் அர்த்தத்தோடுதான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பார், எல்லாம் மனசு. இந்த அர்த்தத்தோடு எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. அதைத் தீர்க்கவே இந்தச் சரித்திரத்தைத் துழாவ ஆரம்பித்தேன்.

நான் இரணியல்காரன். வேணாட்டு அரசர்கள் இருந்த ஊர், பழைய பெயர் இரணியசிங்கநல்லூர் என்பதெல்லாம் ஊர்ப் பெருமைக்காரர்கள் சொல்வது. நான் வளர்ந்த தெருவில் பெருமை என்பது குழித்தறி. நேரியலும் துவர்த்தும் நெய்த வீடுகள். அப்பாவும் நெய்தவர்தான். முப்பத்தைந்து வயதுக்குள் இழுப்பு கண்டு தறியிலிருந்து எழுந்துகொண்டார். சித்தப்பா அந்தக் குழியில் இறங்கினார். அப்பா திங்கள்சந்தையில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனார்.

தறியை விட்டபின் இழுப்பு குறைந்தது. விசித்திரம் என்னவென்றால், சாயங்காலம் வீடு திரும்புகையில், தெருமுனையில், முதல் வீட்டுத் தறியின் சத்தம் காதில் விழுந்ததும் அவருக்கு மூக்கு அரிக்கும். பத்துப் பதினைந்து தும்மல். பஞ்சோ தூசோ கிடையாது, மழை பெய்து கழுவி விட்டிருக்கும் தெரு. சத்தம் மட்டும்தான். தாத்தா இதைக் கேலி செய்து தீரமாட்டார். ‘சத்தத்துக்குத் தும்முதவன் ஒலகத்துல என் மவன் ஒருத்தன்தான்’ என்பார். வேலைக்கள்ளன் என்பதை அவர் வேறு விதமாகச் சொன்னார், அவ்வளவே.

1979-ல் இரணியலுக்கு ரயில் வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் எனக்கு ஃபிராய்டும் வந்தார், இரண்டாங்கை மூன்றாங்கையாக, சிறுபத்திரிகைக் கட்டுரைகளின் வழியாக. நனவிலி என்ற சொல் அன்று எங்கள் வாயில் வெற்றிலைபோல இருந்தது. ஒருநாள் அப்பா வாசல் திண்ணையில் தும்மிக்கொண்டிருந்தபோது நான், மூக்கில் ஒன்றுமில்லை, மனசில்தான் இருக்கிறது, தறியின் மேல் உங்களுக்கு வெறுப்பு என்று விளக்கினேன். பத்தொன்பது வயது. அவர் துவர்த்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: ‘அப்போ நான் வேஷம் கெட்டுதேன்னு சொல்லுத, இல்லியாலே?’ அதன் பிறகு பல நாள் என்னிடம் பேசவில்லை. தாத்தாவின் வார்த்தை அவருக்குப் பழகியிருந்தது. நான் சொன்னது அதேதான், புத்தக வாசனையோடு.

*

மூக்கை நாம் ஒரு துவாரமாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். அது ஒரு பரப்பு. இரண்டு பக்கமும் சேர்த்து விரித்தால் சுமார் 150 சதுர செண்டிமீட்டர், ஒரு சின்ன நோட்டுப்புத்தகத்தின் பக்கம் அளவு. உள்ளே சுருண்டிருக்கும் எலும்புகளின் மேல் சவ்வு போர்த்தியிருக்கிறது. அடியில் ரத்தம் தேங்கும் நாளங்கள், அவை நிமிஷத்தில் நிரம்பிப் புடைக்கவும் வடியவும் கூடியவை. மேலே சளிப் படலம். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அந்தப் படலத்தை ஓயாமல் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. பத்து இருபது நிமிஷத்துக்கொரு முறை பழைய படலம் போய்ப் புதிது வந்துவிடுகிறது. புல்லின் மகரந்தம் 20 முதல் 30 மைக்ரான். அந்த அளவுள்ளவை நுரையீரல்வரை போகமாட்டா, பெரும்பாலும் இங்கேயே சிக்கிக்கொள்கின்றன. ஆகவே வெளியுலகம் உடம்போடு முதலில் பேசிக்கொள்ளும் இடம் இது. பேச்சு வார்த்தை முறிந்தால் சண்டை தொடங்குவதும் இங்கேதான்.

நம்மவர்கள் இதை வேறு பாஷையில் அறிந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஜலதோஷத்துக்குத் தடிமன் என்று பெயர். சித்த வைத்தியத்தில் பீனிசம். நோய் அணுகாதிருக்க ஒன்றரை மாதத்துக்கொரு தடவை நசியம் செய்துகொள்ளவேண்டும் என்பது தேரையர் பேரில் வழங்கும் விதி. திருவிதாங்கூர் வழக்கத்தில், குளித்துத் தலை துவட்டியதும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்க்காமல் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, உச்சி சேரவில்லை. சுசுருத சம்ஹிதையில் மூக்கு நீர் நோய்க்குச் சொல்லப்படும் காரணங்களில் புகை, தூசு, குளிர், அதிக வெப்பம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பட்டியல் தொடங்குவது ஸ்திரீ சம்போகத்தில். மூக்கையும் காமத்தையும் முடிச்சுப் போட வியன்னாவரை போகவேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பாட்டி சொல்வாள், ‘தடிமன் மூக்குல நிக்கணும், நெஞ்சுல எறங்கப்படாது’ என்று. மூக்கும் நுரையீரலும் ஒரே வழியின் இரு முனைகள், ஒன்றின் அழற்சி மற்றதைத் தொடும், மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களிடம் ஆஸ்த்மாவைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நிபுணர்கள் கூடிப் பேசியது 1999-ல். பாட்டி முந்திக்கொண்டாள் என்று மார்தட்ட நான் தயாரில்லை. அவளுக்கு இறங்குவது என்றால் சளி வழிந்து இறங்குவதுதான். அவர்கள் சொல்வது அதுவல்ல. ஆனால் அவள் கவனித்திருந்தாள்.

*

மேற்கில் இந்த நோயின் சரித்திரம் ஒரு மறைப்பில் தொடங்குகிறது. 1819-ல் ஜான் பாஸ்டக் என்ற வைத்தியர் லண்டனில் ஒரு மருத்துவச் சங்கத்தின்முன் ஒரு நோயாளியின் விவரத்தை வாசித்தார். ஜே.பி. என்பவர், வயது 46, வருஷந்தோறும் ஜூன் மாதத்தில் கண் அரிப்பு, தும்மல், மூச்சு முட்டல். ஜே.பி. வேறு யாருமில்லை, ஜான் பாஸ்டக்தான். தன் மூக்கைப் படர்க்கையில் எழுதினார். 1828-ல் மறுபடி எழுதியபோது நாடு முழுக்கத் தேடியும் இருபத்தெட்டுப் பேரைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. ஏழைகளிடம் இந்த நோய் இல்லை என்றும் குறித்தார். இல்லையா, ஏழைகள் ஜூன் மாதத் தும்மலுக்கு வைத்தியரிடம் போவதில்லையா என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. வைக்கோல்தான் காரணம் என்று ஜனங்கள் சொன்னதை அவர் ஒப்பவில்லை. கோடையின் உஷ்ணமே காரணம் என்று எண்ணினார்.

ஜனங்கள் ஏறக்குறைய சரியாகச் சொல்லியிருந்தார்கள். அதை நிரூபித்தவர் மான்செஸ்டரில் இருந்த சார்லஸ் பிளாக்லி. இவருக்கும் அதே நோய். இவரும் தன்னையே பரிசோதனைப் பொருளாக்கிக்கொண்டார். மகரந்தத்தைச் சேகரித்து வைத்துக்கொண்டு, நோயின் பருவம் அல்லாத காலத்தில் மூக்கில் இட்டுப் பார்த்தார். கண்ணில் இட்டார். கையின் தோலைக் கீறித் தேய்த்தார், தடித்து எழும்பியது. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டி ஆகாயத்தில் பறக்கவிட்டு மகரந்தத்தை எண்ணினார். 1873-ல் இவை புத்தகமாக வந்தன. வருஷக்கணக்காகத் தன் தும்மலை இத்தனை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனை நினைக்கையில் எனக்கு மரியாதை உண்டாகிறது. நம் சுயசரிதைக்காரர்களிடம் இந்த நிதானம் கிடையாது.

ரோஜாவும் இதன் வழியேதான் விளங்குகிறது. ரோஜாவின் மகரந்தத்தைச் சுமப்பவை பூச்சிகள், காற்றில் அது அதிகம் பறப்பதில்லை. ரோஜா பூக்கும் பருவமும் புல் பூக்கும் பருவமும் அங்கே ஒன்று. புல் செய்த குற்றத்துக்கு, கண்ணில் பட்ட ரோஜா தண்டனை அனுபவித்தது. பால்டிமோர்ப் பெண்ணின் மூக்கு அநேகமாக ஆரம்பத்திலிருந்தே தவறான பெயரைத்தான் கற்றிருந்தது.

*

இதன் பிறகு வரும் இருபது வருஷங்கள் எனக்குத் தாங்கமுடியாதவை. மகரந்தம் காரணம் என்று பிளாக்லி காட்டியபின்னும் மருத்துவம் அவர் வழியில் போகவில்லை. காரணம் வெளியே இருந்தால் எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? எனவே குற்றம் சவ்வில் இருக்கவேண்டும், அல்லது நரம்பில் இருக்கவேண்டும். 1880களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் வில்ஹெல்ம் ஹாக் மூக்குச் சவ்வின் வீக்கத்திலிருந்தே ஆஸ்த்மாவும் தலைவலியும் இன்னும் பலவும் கிளம்புகின்றன என்று சொல்லி அதைச் சுட்டுப் பொசுக்கினார். மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சிய கம்பி. ஐரோப்பா முழுக்க மூக்குகள் கருகின.

அவற்றில் ஒன்று மார்ஸெல் ப்ரூஸ்டுடையது. ஒன்பது வயதில், 1881-ன் வசந்தத்தில், பாரிஸின் புலோன் வனத்தில் உலாவிவிட்டுத் திரும்பும்போது மூச்சு முட்டிச் சாகக் கிடந்த பையன். பின்பு ஒரு வைத்தியர் நூறு தடவைக்கு மேல் அவர் மூக்கினுள் சுட்டார். இனி மகரந்தம் உன்னை ஒன்றும் செய்யாது என்று நம்பிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் வந்த இழுப்பு பயங்கரமாக இருந்தது. ப்ரூஸ்டைப் பற்றி நம் மொழியில் எழுதியவர்கள் தேநீரில் தோய்த்த கேக்கைத் தொட்டு நினைவைப் பற்றி நிறையவே சொல்லிவிட்டோம். அந்த நினைவு உட்கார்ந்திருந்த முகத்துக்குள் ஒரு சவ்வு நூறு முறை எரிக்கப்பட்டிருந்தது. 1910-ல் தன் அறையின் சுவர்களுக்குத் தக்கை அடித்துக்கொண்டது சத்தத்துக்காகத்தான். மகரந்தத்துக்கு ஜன்னல்களை மூடிக்கொண்டார்.

இன்னொரு மூக்கு ஃபிராய்டுடையது. அதைச் சுட்டவர் அவருடைய ஆப்த நண்பர், பெர்லினில் இருந்த வில்ஹெல்ம் ஃப்ளீஸ். மூக்குச் சவ்வில் பிறப்புறுப்போடு தொடர்புள்ள இடங்கள் இருக்கின்றன என்பது ஃப்ளீஸின் கொள்கை. 1897-ல் அதைப் புத்தகமாகவே போட்டார். நம் மெக்கன்ஸியும் அவருக்கு முன்பே அதே தொடர்பைப் பற்றி எழுதியவர்தான். 1895-ல் ஃபிராய்டின் நோயாளியான எம்மா எக்ஸ்டைன் என்ற பெண்ணின் மூக்கில் ஃப்ளீஸ் அறுவை செய்தார். ரத்தம் நிற்கவில்லை. வேறொரு வைத்தியர் வந்து இழுத்துப் பார்த்தபோது உள்ளே மறந்துவிட்ட துணி அரை மீட்டர் நீளத்துக்கு வந்தது. வெள்ளமாக ரத்தம். அந்தப் பெண் பிழைத்தது அதிர்ஷ்டம்.

மறுவருஷம் ஃபிராய்ட் தம் நண்பருக்கு எழுதினார், அந்த ரத்தப்போக்கு ஹிஸ்டீரியாதான், ஏக்கத்தினால் வந்தது என்று. துணியைக் கண்ணால் பார்த்தவர் அப்படி எழுதினார். இந்தப் பகுதிகள் 1950-ல் வெளிவந்த கடிதத் தொகுப்பில் இல்லை. 1985-ல்தான் கடிதங்கள் முழுமையாக அச்சாயின. 1979-ல் நான் திண்ணையில் அப்பாவுக்கு வியாக்கியானம் செய்தபோது இது எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேனா என்பதும் சந்தேகமே. அந்த வயதில் துணியைவிட ஏக்கம்தான் அழகு.

*

1906-ல் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே ‘அலர்ஜி’ என்ற சொல்லை உண்டாக்கினார். அதற்கு அவர் கொடுத்த பொருள் நோய் அல்ல. ஒன்றோடு ஒருமுறை பழகிய உடம்பு மறுமுறை மாறுபட்டு நடந்துகொள்ளும் தன்மை. அதாவது, முதல் சந்திப்பில் ஒன்றும் நடக்காது, அல்லது நடப்பது வெளியே தெரியாது. இந்தச் சொல் வந்த பிறகுதான் பாஸ்டக்கின் ஜூன் மாதத்துக்கு ஓர் உள்ளர்த்தம் கிடைத்தது.

1921-ல் நடந்தது இன்னும் விநோதம். கார்ல் ப்ராஸ்னிட்ஸ் என்பவருக்கு மகரந்தம் ஆகாது, ஹெய்ன்ஸ் க்யூஸ்ட்னருக்கு வேகவைத்த மீன் ஆகாது. க்யூஸ்ட்னரின் ரத்தத் தெளிவைத் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார் ப்ராஸ்னிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு ஏற்றியதும் தடித்தது. ஒருவனுடைய முன் அனுபவம் இன்னொருவன் தோலில் நடந்துகொண்டது. ரத்தத்தில் இருந்த அந்தப் பொருளைப் பிடிக்க இன்னும் 45 வருஷம் ஆயிற்று. 1966-ல் அமெரிக்காவில் கிமிஷிகே, தெருகோ இஷிஸாகா தம்பதிகளும், 1967-ல் ஸ்வீடனில் யோஹான்ஸன், பென்னிக் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1968-ல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ என்று பெயரிட்டார்கள்.

இது ரத்தத்தில் வெகு சொற்பம். இதன் இருப்பிடம் சவ்வு. அங்கே மாஸ்ட் செல்கள் என்று சில இருக்கின்றன, ஹிஸ்டமின் நிரம்பிய பைகள். இந்தப் புரதம் அவற்றின் மேல் கொக்கிபோல நின்று காத்திருக்கிறது. ஒரு காலத்தில் சந்தித்த மகரந்தம் மறுபடி வந்து கொக்கியில் விழுந்தால் பை உடைகிறது. அரிப்பு, நீர், தும்மல். சில மணி நேரத்துக்குப் பின் வேறு செல்கள் வந்து சேர்ந்து, இரண்டாவது ஆட்டம். 1969-ல் ஜான் கானல் காட்டியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மகரந்தத்தைத் தினமும் மூக்கில் இட்டுக்கொண்டே வந்தால், நாளாக ஆக மிகச் சொற்ப அளவே தும்மலுக்குப் போதுமானதாகிவிடுகிறது. சவ்வு பழகுவதில்லை. பழகப் பழகச் சுருக்கென்று ஆகிறது. தாத்தா அப்பாவிடம் சொன்ன ‘பழகினா சரியாவும்’ என்பது பாவு நூலுக்குப் பொருந்தலாம்.

1964-ல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் வீட்டுத் தூசில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள உண்ணி. நம் தோலிலிருந்து உதிரும் செதிளைத் தின்று, மெத்தையிலும் துணியிலும் வாழ்கிறது. அதற்கு வேண்டியது ஈரக் காற்று. இரண்டு மழைக்காலமும் பக்கத்தில் கடலும் உள்ள எங்கள் ஊரைவிட அதற்கு உகந்த இடம் இருக்கமுடியாது. அதன் கழிவில் உள்ள நொதி சவ்வின் செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பையே அறுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது என்று 1999-ல் தெரிந்தது. சவ்வு சும்மா தாக்கப்படும் சுவர் என்ற எண்ணமும் அதோடு போயிற்று. அறுபட்ட செல்களே உள்ளே சேதி அனுப்பிப் படையைக் கூப்பிடுகின்றன.

*

பொய் ரோஜாவுக்கு வருகிறேன். 1989-ல் கனடாவில் சிலர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்து ‘சயன்ஸ்’ பத்திரிகையில் எழுதினார்கள். முட்டைப் புரதத்தை எலிக்கு ஊசி மூலம் ஏற்றுவது, அதே நேரத்தில் ஒரு விளக்கும் ஒரு சத்தமும். சில தடவை இப்படிச் செய்தபின் புரதம் இல்லை, விளக்கும் சத்தமும் மட்டும். எலியின் ரத்தத்தில், குடலின் உட்சவ்விலுள்ள மாஸ்ட் செல்கள் மட்டுமே சுரக்கும் ஒரு பொருள் ஏறியிருந்தது. பாவ்லோவின் நாய் எச்சில் ஊறியதுபோல் மாஸ்ட் செல் தன் பையை அவிழ்த்திருக்கிறது, சத்தத்தைக் கேட்டு.

எலி வேஷம் கட்டாது. அதற்குத் தறியின்மேல் வெறுப்பு கிடையாது.

என் அப்பாவின் மூக்கில் நடந்தது இதுதான் என்று நான் சாதிக்கவில்லை. எலியின் குடல் மனிதனின் மூக்கு அல்ல. நான் சொல்வது இவ்வளவுதான்: மெக்கன்ஸியின் பெண் தும்மியது பூவினால் அல்ல என்பதனால் அது பொய்த் தும்மல் ஆகிவிடாது. மூக்கினுள் சவ்வு வீங்கியிருந்ததை அவரே தம் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, அவள் சவ்வு கற்றிருந்ததை அவள் மனசின் பலவீனம் என்று வாசிக்க மருத்துவத்தை அனுமதித்தார். ஃபிராய்ட் துணியைப் பார்த்துவிட்டு ஏக்கம் என்றார். நான் எதையுமே பார்க்காமல் சொன்னேன்.

தொண்ணூறுகளில் அப்பாவைத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசியால் குத்தினார்கள். பிளாக்லி தன் கையில் கீறியதன் பேரப்பிள்ளை. கால் மணி நேரத்தில் ஓரிடம் நாலணாக் காசளவு தடித்தது. வீட்டுத் தூசி உண்ணி. பஞ்சு எழும்பவே இல்லை. தறிக்குழியின் ஓரத்தில் மூன்று தலைமுறையாக அடுக்கிக் கிடந்த பழந்துணிகளும், பக்கத்திலேயே விரித்துக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையும் எனக்கு ஞாபகம் வந்தன. குழியில் இருந்த வருஷமெல்லாம் அதையும் சத்தத்தையும் சேர்த்தே மூச்சிழுத்திருக்கிறார்.

திரும்பி வரும் ரயிலில் அந்தக் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். உண்ணி, கரப்பான், பஞ்சு, பூனை மயிர், நாலைந்து புல். குழித்துறை தாண்டியபின் கேட்டார்:

‘இதுல தறிச்சத்தம் எங்கலே?’

இதில் இருக்காது அப்பா, அதைக் குத்திப் பார்க்க வழியில்லை என்றேன். எலியைப் பற்றிச் சொன்னேன். பாதிதான் கேட்டிருப்பார், ரயில் சத்தம். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரணியலில் இறங்கி நடந்தோம். எங்கள் தெருவில் அப்போது இரண்டே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முனை வந்ததும் அவர் துவர்த்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன்.